ரத்தினபாய் வீட்டுத் துணி

ரத்தினபாய் என்கிற பெயரைக் கனகவல்லி முதன்முதலாகக் கேட்டபோது, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எண்பத்திரண்டாம் வருஷம், ஆடி மாதம். இரும்புலியூரில் அவளுடைய வீட்டில், பகல் வேளை. அவளுக்குப் பிறந்த இரண்டாவது குழந்தையை முந்தின நாள்தான் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். முதலாவது ஆண்; ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. இது பெண், ஒரு மாதம் தாண்டி, முகம் பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்து, ஒரு காய்ச்சலில் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

துக்கம் விசாரிக்கப் பொன்னியம்மாள் வந்திருந்தாள். மாமியார் கன்னியம்மாவுக்குச் சித்தி மகள், முறைக்குத் தங்கை. முடிச்சூரில் வாழ்க்கைப்பட்டவள். எந்தச் சாவு வீட்டுக்கு வந்தாலும், அழுது முடித்த கையோடு காரணத்தையும் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

"கொழந்தைக்கு இன்னா துணிக்கா போட்டீங்க?" என்று கேட்டாள்.

"தொரைதான் மார்க்கெட்ல வாங்கியாந்தான். வாத்து பொம்மை போட்ட சட்டை. ரெண்டுக்குமே அப்டித்தான்" என்றாள் கன்னியம்மா.

"அதானே பார்த்தேன்! புதுசா போட்டீங்க?" பொன்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நீயே இப்டிப் பண்ணலாமாக்கா? புதுசா வந்த கொழந்தைக்குப் புதுசு காட்டக் கூடாது. காட்டுனா, நாம இந்த வூட்டுக்கு விருந்தாளின்னு அது நெனச்சிக்கும். விருந்தாளி எத்தினி நாளு இருப்பா? பழசு போட்டாத்தான், சரி, இது நம்ம வூடுன்னு தங்கும். அதுலயும் புள்ளைங்க நெலைச்சு நின்ன வூட்டுப் பழசா இருக்கணும். சேலையூர்ல ரத்தினபாயின்னு ஒரு அம்மா கீது. ஆறு பெத்துது, ஆறும் கல்லு மாதிரி நிக்குது. அது வூட்டுத் துணி வாங்கிப் போட்ட கொழந்தை ஒண்ணுகூடத் தவறினதில்ல."

"எங்க காலத்துல ஏதுடி துணி?" என்றாள் கன்னியம்மா. "தொரைக்கு நாலு வயசு வரிக்கும் சட்டை, நிஜாரு எல்லாமே அரைஞாண் கவுறுதான். எங்க மாமனாரோட கிழிஞ்ச வேட்டியிலதான் சுருட்டி வெச்சிருந்தேன்."

"அதான் நின்னான்!"

வாத்துச் சட்டை வாங்கி வந்த துரை, கனகவல்லியின் புருஷன், வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். குரோம்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. முதல் குழந்தை பிறந்த அன்றைக்கு எண்ணெய்க் கையைக் கழுவக்கூடத் தோன்றாமல் கடைக்கு ஓடி வாங்கியது அந்தச் சட்டை. இந்தப் பேச்சைக் கேட்டதும் எழுந்து தெருவில் இறங்கிப் போய்விட்டான். கனகவல்லி திரும்பிப் படுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுபடி அவளுக்கு நாள் தள்ளிப்போனது எண்பத்துநாலில். மார்கழியில் ஏழு மாதம் நிறைந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மாமியாரும் மருமகளும் ரயில்வே கேட்டைத் தாண்டி, விசாரித்து விசாரித்துச் சேலையூருக்குப் போனார்கள்.

வீட்டை யாரும் அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை. கொடியே காட்டிக்கொடுத்தது. கத்திரிப்பூ நிறத்தில் வெள்ளைப் பொட்டு வைத்த துணி. அதிலேயே பெரிய சட்டை ஒன்று, அதைவிடச் சின்னது, அதைவிடச் சின்னது, பிறகு ஒரு பாவாடை, ஒரு கவுன், இன்னொரு கவுன் என்று மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஒரே கட்டுத் துணி எடுத்துக் கிழித்துத் தைப்பது உண்டுதான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஜன்னல் திரையும் கத்திரிப்பூ வெள்ளைப் பொட்டு. ரேடியோவுக்குப் போட்டிருந்த உறையும் அதே. வாங்க என்று எழுந்து நின்ற ரத்தினபாயின் புருஷன் எலியேசர் சார் போட்டிருந்த அரைக்கைச் சட்டையும் அதே.

கனகவல்லி வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்து அவர் சிரித்தார். ரயில்வேயில் வேலை பார்க்கிற மனுஷன், கலகலப்பானவர். "கோயில்ல எங்க வீட்டுப் பிள்ளை தொலைஞ்சா தேட வேண்டாம்மா. துணியைப் பார்த்து யாராவது கொண்டுவந்து விட்டுடுவாங்க. ரேடியோவே தொலைஞ்சாலும் வந்து சேர்ந்துடும்" என்றார்.

ரத்தினபாய் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நெட்டையான, சதைப்பிடிப்பு இல்லாத உடம்பு. கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி. அவருடைய விரல் கணுக்கள் வெளுத்து, வெடித்து இருந்ததைக் கனகவல்லி கவனித்தாள்.

கன்னியம்மா வந்த விஷயத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள். ரத்தினபாய் கேட்டுக்கொண்டார். கனகவல்லியின் வயிற்றைப் பார்த்தார், பிறகு வீங்கியிருந்த பாதத்தைப் பார்த்தார்.

"உட்காரும்மா. பெட்டியில தேடி எடுக்கணும். தை பொறந்து வாங்க" என்றார்.

திரும்பி வரும்போது கனகவல்லிக்குப் பொறுக்கவில்லை. "இப்பவே தேடிக் குடுத்தா ஆகாதா அத்தே? கொடியில எம்மாந்துணி தொங்குது!"

"ஒடனே குடுக்க மாட்டாங்களாம்டி. ஜெபம் பண்ணித்தான் குடுப்பாங்களாம். பொன்னி சொன்னா" என்றாள் கன்னியம்மா, அதிலும் ஒரு மதிப்போடு.

தை பிறக்கும்வரை கனகவல்லியால் இருக்க முடியவில்லை. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. இது முன்னதாகவே வந்துவிட்டால்? கையில் சட்டை இல்லாமல், ஆசையில் துரை மறுபடியும் கடைக்கு ஓடிவிட்டால்? ஒரு நாள், கன்னியம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, தனியாகவே கிளம்பிவிட்டாள்.

ரத்தினபாய் வீட்டு முன்கதவு சாத்தியிருந்தது. பின்னாலிருந்து தப்பு தப்பு என்று துவைக்கிற சத்தம் கேட்டது. பக்கச் சந்து வழியாக நடந்து போய் எட்டிப் பார்த்தாள்.

கிணற்றடிக் கல்லில் ரத்தினபாய் துவைத்துக்கொண்டிருந்தார். புடவையை முழங்காலுக்கு மேலே சொருகி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி ஓங்கி அடிக்கிறார். அடிக்கிற துணி அவருடைய உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நாடா வைத்த பச்சைப் பிள்ளைச் சட்டை. கம்பியில் அதே மாதிரி நான்கைந்து சொட்டிக்கொண்டிருந்தன. அவருடைய கடைசிப் பெண், எட்டு வயது இருக்கும், ஒரு சட்டையைச் செங்கல் சுவரில் வைத்து முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருந்தது. நிழலில் கயிற்றுக் கட்டிலில் எலியேசர் சார் தூங்குகிறார். அவர் தலைக்கு அடியிலும் இரண்டு சட்டை. படியின் மேல் வெட்டினது போக மீதி மல் துணி மடித்து வைத்திருந்தது. அதன் ஓரத்தில் மில் முத்திரை ஊதா நிறத்தில் அழியாமல் இருந்தது. கஞ்சி வாசனை அடித்தது. புதுத் துணி வாசனை.

கனகவல்லி படி வரைக்கும் வந்து அந்த முத்திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது? எல்லாம் புதுசா?"

ரத்தினபாய் கையை இறக்கினார். எதையும் மறைக்கப் பார்க்கவில்லை. முழங்கையிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"தை பொறந்து வரச் சொன்னேனே" என்றார். பிறகு, "உட்காரு. உன் காலைப் பாரு, எப்படி வீங்கியிருக்கு" என்றார்.

உட்கார்ந்தாள். ரத்தினபாய் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்து சொன்னார்: "என் ஆறு பிள்ளைங்களோட துணி எப்பவோ தீர்ந்துபோச்சும்மா. முதல்ல வந்தவங்களுக்கு நிஜமான பழசுதான் குடுத்தேன். அப்புறம் பல்லாவரத்துலேர்ந்து ஒருத்தி வந்தா. மூணு பறிகொடுத்தவ. பெட்டியில ஒண்ணும் இல்ல. இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அவ மொகத்தைப் பார்த்ததும், அடுத்த மாசம் வான்னு வந்துடுச்சு."

"அந்தக் கொழந்தை?"

"இருக்கான். தெருவெல்லாம் ஓடுறான்."

"அப்போ பழசுலயும் ஒண்ணியும் இல்ல, புதுசுலயும் ஒண்ணியும் இல்லியா?" கனகவல்லியின் குரல் உடைந்தது. "நான் இத்த நம்பிக்கினுதானேக்கா இருக்கேன்?"

"எனக்குத் தெரியாதும்மா. நீ கேக்கற மாதிரிதான் நானும் ஆண்டவர்கிட்ட கேக்கறேன். பதில் வரல. வர்ற வரைக்கும் துவைப்போமேன்னு துவைச்சிக்கிட்டிருக்கேன்."

கட்டிலிலிருந்து எலியேசர் சார் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஒரு கிழிசல் போட்டு மேல தையல் போடுன்னு நான் எத்தனை தடவை சொல்லியாச்சு. அப்பத்தான் பழசுன்னு நம்புவாங்க. இவ கேக்க மாட்டா. பிஞ்சு ஒடம்புல தையல் உறுத்துமாம்."

எழுந்து போய்விடலாம் என்றுதான் கனகவல்லிக்கு முதலில் தோன்றியது. எங்கே போவது? அந்த அம்மாளின் கையைப் பார்த்தாள். சலவைச் சோடாவில் கொதிக்க வைத்து, கஞ்சி போகக் கசக்கி, கல்லில் அடித்து, காயப்போட்டு, மறுபடி நனைத்து அடித்து, கணுக்கணுவாக வெடித்துப்போன கை. முன்பின் தெரியாத ஒருத்தியின் வயிற்றுக்காக இப்படித் தன் கையை வெடிக்க விட்டுக்கொள்கிறவளை அவள் அதுவரை பார்த்ததில்லை. பெற்ற தாய்கூட இரண்டு நாள் செய்வாள், மூன்றாம் நாள் போதும் என்பாள்.

"ஒண்ணு குடுங்கக்கா, நானும் கசக்குறேன்" என்றாள்.

"வயித்துப் பிள்ளையோட குனியாதே" என்று சொல்லி, ரத்தினபாய் ஒரு சட்டையையும் ஒரு பக்கெட் தண்ணீரையும் அவள் முன்னால் வைத்தார். பொழுது சாயும்வரை கனகவல்லி அதைக் கசக்கினாள், பிழிந்தாள், படிக்கட்டில் அடித்தாள். அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை ரகசியமாக வந்து அதே சட்டையோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் அது காதுமடல் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது கன்னியம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மோந்து பார்த்தாள். "நல்ல பழசுடி! எத்தினி புள்ள போட்டுச்சோ, எத்தினி புள்ள புரண்டுச்சோ!" என்று பூரித்துப்போனாள். கனகவல்லி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மாசியில் பெண் பிறந்தது. தனம் என்று பெயர் வைத்தார்கள். குளிப்பாட்டித் துடைத்ததும் கன்னியம்மாவே அந்தச் சட்டையைப் போட்டு நாடாவை முடிந்தாள். அதற்குப் பிறகு அது உடம்பை விட்டு இறங்கவே விடவில்லை. துவைக்க வேண்டும் என்றால் குழந்தையை வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சட்டை காயும்வரை கொடிக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பாள். காக்கா வந்து கொடியில் உட்கார்ந்தால்கூட, "தே, அத்தத் தொடாதே!" என்று கத்துவாள்.

ஒரு மாதம் தாண்டியது. முன்பு போன பெண் குழந்தை இருந்த நாள் கணக்கை இது இன்னும் தாண்டவில்லை என்று கனகவல்லிக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் பலித்துவிடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு நாள் முற்பகல், தனம் பால் குடிக்கவில்லை. தொட்டால் கொதித்தது. கண் மேலே சொருகிக்கொண்டு போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. போன குழந்தைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. துரை வேலைக்குப் போயிருந்தான். கனகவல்லி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தெருமுனை ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு, டாக்டரிடம் ஓடப் பார்த்தாள். கன்னியம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"டாக்டர் அப்பறம். மொதல்ல ரத்தினபாயம்மா வூட்டுக்கு வுடு ஆட்டோவ. துணி அவங்களுது. அவங்க கைய வெச்சா எறங்கிடும்."

சண்டை போட நேரமில்லை. ஆட்டோ கேட்டுக்கு வரும்போது கேட் போட்டிருந்தான். எலெக்ட்ரிக் ட்ரெயின் ஒன்று போய், இன்னொன்றும் போகிறவரை கனகவல்லி குழந்தையின் மூக்கில் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள்.

ரத்தினபாய் வாசலிலேயே குழந்தையின் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தார். ஜெபம் பண்ணவில்லை. செருப்புகூடப் போடாமல் ஆட்டோவில் ஏறி, "தேவானந்தம் டாக்டர்கிட்ட போப்பா, ரெண்டு தெரு தள்ளி" என்றார்.

சின்ன கிளினிக். பெஞ்சு நிறையப் பெண்கள். அவர்களில் அதே தெருவைச் சேர்ந்த கங்கையம்மாள் என்பவளும் இருந்தாள். ரத்தினபாய் வீட்டுத் துணி வாங்கிப் போட்ட பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் குழந்தையைப் பார்த்ததும் எல்லாரையும் தள்ளச் சொல்லி மேஜையில் கிடத்தினார்.

"இந்த வெயில்ல இப்படிச் சுத்தி வெச்சிருக்கீங்களே! மொதல்ல துணி எல்லாத்தையும் கழட்டுங்க. ஈரத் துணியால தொடச்சிக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லி மருந்தை எடுக்கத் திரும்பினார்.

கனகவல்லி வேட்டியை உருவினாள். சட்டை நாடாவில் கை வைத்தாள். அதன்மேல் கன்னியம்மாவின் கை வந்து விழுந்தது.

"இத்த மட்டும் வேணாம் டாக்டரே. மேலாலயே தொடச்சிக்கிறோம்."

"என்னம்மா பேசறீங்க? ஜுரம் ஏறினா வலிப்பு வந்துடும்."

"சட்டைய அவுத்தா கொழந்தை போய்டும் சார்! ஒங்களுக்குத் தெரியாது."

டாக்டர் கனகவல்லியைப் பார்த்தார். "நீ தாய்தானே? கழட்டு."

அவளுக்குத் தெரியும். அந்தத் துணியில் இருந்த மில் முத்திரையைக் கண்ணால் பார்த்தவள் அவள். படியில் அடித்தவளும் அவளேதான். ஆனால் விரல் அந்த முடிச்சில் அசைய மாட்டேன் என்றது. கழற்றி, ஒருவேளை, ஏதாவது ஆகிவிட்டால்? எல்லாம் தெரிந்தும் கை வராமல் நின்றாளே, அதுதான் பயம் என்பது. குழந்தையின் வயிறு மட்டும் குப் குப் என்று ஏறி இறங்கியது.

கன்னியம்மா சட்டென்று ரத்தினபாய் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்கம்மா! ஒங்க வூட்டுத் துணி. இத்த அவுக்கக் கூடாதுன்னு டாக்டருக்கு எட்த்துச் சொல்லுங்க!"

பெஞ்சில் இருந்த எல்லாரும் ரத்தினபாயைப் பார்த்தார்கள். பல்லாவரம் வரைக்கும் பேர் போன வீட்டு அம்மாள். ஆறும் கல்லு மாதிரி நிற்கிற ரத்தினபாய். தெருவில் நடந்தால் கர்ப்பிணிகள் எழுந்து நின்று அவர் நிழல் மேலே படட்டும் என்று காத்திருந்த காலம் அது. ஆமாம், ஈரத் துணியை மேலே போடுங்கள் என்று சொல்லியிருந்தால் அந்தப் பேர் அப்படியே இருந்திருக்கும்.

"கன்னியம்மா, அது பழசு இல்ல" என்றார் ரத்தினபாய். உரக்கத்தான் சொன்னார். "எந்தப் பிள்ளையும் போட்டது இல்ல. மார்கழி மாசம் கடையில வாங்கி, நான் வெட்டி, நான் தைச்சது. கொஞ்ச வருஷமா நான் குடுக்கறது எல்லாமே அப்படித்தான். அதுல ஒண்ணும் இல்ல. கழட்டுங்க."

கன்னியம்மாவின் கை தளர்ந்தது. ரத்தினபாயே முன்னால் வந்து, அந்த வெடித்த விரல்களால் முடிச்சை அவிழ்த்து, சட்டையை உருவி, தரையில் போட்டார். ஒரு குவளையில் தண்ணீர் எடுத்துத் தன் முந்தானையை நனைத்துக் கனகவல்லியின் கையில் கொடுத்தார். "தொட" என்றார்.

துடைத்தார்கள். டாக்டர் மருந்து புகட்டினார். நெற்றி, அக்குள், தொடையிடுக்கு என்று மாறி மாறித் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். தனம் அரைஞாண் கயிற்றோடு மேஜையில் கிடந்தாள். மதியம் திரும்பி வெயில் சாய்கிற நேரத்தில் உடம்பு மெல்ல வேர்த்தது. அப்புறம் ஒரு அழுகை அழுதாள் பாருங்கள், வெளியே ரிக்‌ஷாக்காரன் திரும்பிப் பார்த்தான். கனகவல்லி சுவரோடு சரிந்து உட்கார்ந்து, அப்போதுதான் தானும் அழுதாள். அழுதுகொண்டே அந்த அம்மாளைப் பார்த்தாள். ஒரு மனுஷி தன் பேரை இப்படியும் தரையில் போடுவாளா என்று அவளுக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அடங்கவில்லை.

குழந்தை பிழைத்தது தெரிந்ததும் கன்னியம்மாவுக்குப் பேச்சு வந்தது. "பாவி! ஊரையே ஏமாத்திட்டியே!"

"ஆமா" என்றார் ரத்தினபாய். அவ்வளவுதான்.

சேதி அவர்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. கங்கையம்மாள் பேரனுடைய சட்டையைக் கொண்டுவந்து ரத்தினபாய் வீட்டு வேலியில் எறிந்துவிட்டுப் போனாள். அந்தப் பேரன் நன்றாகத்தான் இருந்தான், இருந்தாலும் எறிந்தாள். அப்புறம் பல மாதம் அந்த வீட்டுப் பக்கம் ஒரு கர்ப்பிணி போகவில்லை. கனகவல்லி மட்டும் போனாள். "எல்லாம் என்னாலதானேக்கா" என்றாள்.

"போடி. பாரு, விரலெல்லாம் ஆறிடுச்சு" என்று கையை விரித்துக் காட்டினார் ரத்தினபாய்.

வீட்டிலும் ஒரு நாள் வாயைத் திறந்துவிட்டாள். "எனக்கு மின்னாடியே தெரியும் அத்தே. நானும் ஒக்காந்துதான் கசக்குனேன்." கன்னியம்மா அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். பேச்சுதான் இல்லையே தவிர, பேத்தியை மடியை விட்டு இறக்கவில்லை.

தனத்துக்கு முதல் வருஷம் நிறைந்து, நடக்கவும் ஆரம்பித்தபோது, பொன்னியம்மாளின் மகளுக்கு மசக்கை. போன தடவை குறையாகப் போயிருந்தது. பொன்னியம்மாள் வந்து, வேறு எந்த வீட்டில் துணி கேட்பது என்று யோசனை கேட்டாள். கன்னியம்மா மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பினாள். அப்புறம் எழுந்து, புடவையை உதறிக் கட்டி, தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே சேலையூருக்குப் போனாள். கனகவல்லியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள், என்ன கலவரம் நடக்குமோ என்று.

"புதுசோ பழசோ, ஒங்க கையால துவைச்சுக் குடுங்க" என்றாள் கன்னியம்மா.

"நீங்கதானே என்னைப் பாவின்னீங்க?"

"சொன்னேன். அதுக்கின்னா இப்போ? கோவத்துல சொல்றதுதான். துணில ஒண்ணியும் இல்லாங்காட்டி போவுது, அந்தக் கையில கீது. சோடா எங்க வெச்சிக்கிற? நானே ஊற வைக்கிறேன்."

எலியேசர் சார் உள்ளேயிருந்து, "ஒரு கிழிசல் போட்டு..." என்று ஆரம்பித்தார். "நீங்க சும்மா இருங்க!" என்று நான்கு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு பொய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. வருகிறவர்கள் மல் துணியைத் தாங்களே வாங்கி வந்தார்கள். ரத்தினபாய் வெட்டித் தைத்துக் கொடுப்பார். அம்மாக்காரிகள், மாமியார்கள், நாத்தனார்கள் என்று அந்தக் கிணற்றடியில் வரிசையாக உட்கார்ந்து கசக்குவார்கள். இந்துவும் கிறிஸ்தவரும் அங்கே ஒரே பக்கெட். கங்கையம்மாளும் வந்தாள், இரண்டாவது பேரனுக்காக. வேலியில் எறிந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, ரத்தினபாயும் கேட்கவில்லை. பிறக்கப்போகிற ஒரு உயிருக்காக இத்தனை கைகள் ஒரு சாண் துணியை அடிப்பதைப் பார்த்தால் மயிர்க்கூச்செறியும்.

தொண்ணூறு பிறந்த பிறகு கூட்டம் குறைந்தது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. காலம்தான் வேறு உடுப்பு போட்டுக்கொண்டது. சானடோரியத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வந்து, இரும்புலியூர்ப் பெண்கள் ஷிப்டுக்குப் போய் வெளிநாட்டுக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்தார்கள். கொஞ்சம் தையல் கோணலானதை ஒதுக்கினால் அது தாம்பரம் மார்க்கெட்டில் குவியலாக வந்து விழும். நாடாவுக்குப் பதில் டிக் டிக் என்று அமுக்குகிற பித்தான். ரத்தினபாயின் மூத்த மருமகள் பிள்ளை பெற்றபோது, பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டின செட் ஒன்று பரிசாக வந்தது. சட்டை, நிஜார், குல்லா, காலுக்கு உறை. ரத்தினபாய் ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் இரண்டு சின்னப் பை மாதிரி ஒன்று இருந்தது.

"கனகு, இங்க பாரேன், கைக்கும் சட்டை! நகம் மொகத்துல கீறாம இருக்கவாம்! நமக்குத் தோணாம போச்சே!" என்று சின்னப் பெண் மாதிரி வியந்துபோனார். வருத்தம் என்று மருந்துக்குக்கூட இல்லை.

கனகவல்லிக்குத்தான் ஒவ்வொன்றும் தலை சுற்றியது. நாலு வயதுவரை அரைஞாண் கயிறைத் தவிர எதையும் போடாத துரை பேண்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். உடம்பெல்லாம் புடவை சுற்றி வாழ்ந்த கன்னியம்மா, முட்டி வலி என்று நைட்டிக்கு மாறி, அதன்மேல் ஒரு துண்டையும் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனாள். "இன்னா சொகம்டி இது! அம்பது வருஷமா எவளும் சொல்லலியே!" என்றாள். தனம் பாவாடை சட்டையிலிருந்து மிடிக்குப் போனாள், மிடியிலிருந்து சுடிதாருக்குப் போனாள். தாவணி என்கிற ஒன்றை அவள் பள்ளிக்கூட விழாவுக்குத் தவிரக் கட்டவே இல்லை.

போன தீபாவளிக்குத் தனம் ஜீன்ஸ் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். முட்டியில் வெளுத்து, தொடையில் சாயம் போய், பார்த்தால் பத்து வருஷம் உழைத்த துணி மாதிரி இருந்தது.

"ஏமாந்துட்டியேடி, பழசக் கட்டி அனுப்சிட்டான் பாரு!" என்றாள் கனகவல்லி.

"பழசு இல்லம்மா, புதுசு. கல்லு போட்டுத் தொவச்சு இப்டி வெளுக்க வெப்பாங்களாம். அதான் பேஷன்."

கன்னியம்மா அதை வாங்கி, துண்டை விலக்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். தடவினாள். "வேல சரியில்ல. ஒரு தபா அடிச்சதோட வுட்டுட்டான்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

தனம் அந்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது கனகவல்லி கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த உயரமும் இந்தத் தோளும் ஒரு நாள் அந்த மேஜையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிடந்ததை நினைத்தால் அவளுக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. அன்றைக்கு அந்த முடிச்சை அவிழ்க்க ஒரு கை வராமல் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது நினைப்பு அங்கேயே நின்றுவிடும். அவளும் அதை மேலே போக விடுவதில்லை.

தனம் இந்த வருஷம் பத்தாவது எழுதுகிறாள். எலியேசர் சார் தொண்ணூற்றேழில் காலமானார். சேலையூர் வீட்டை விற்றுவிட்டார்கள். ரத்தினபாய் இப்போது பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டின குடியிருப்பில், மூன்றாவது மகன் வீட்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறார்; கனகவல்லி போகும்போதெல்லாம் அந்த விரல்களைத்தான் முதலில் பார்ப்பாள்.